நாலாம் வார்டில் இறங்காத கை

தும்பைமங்கலத்து நாலாம் வார்டில் முதன்முதலாக எலெக்ஷன் நடந்த ஆனி மாதத்தில் உண்ணாமலை தூக்கிய வலது கை, ஆடி பிறந்து, ஆற்றில் புதுத்தண்ணீர் வந்து வடிந்து, ஆவணி பிறக்கிற வரைக்கும் கீழே இறங்கவில்லை. அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்ததும், அதைப் பற்றிக் கலெக்டர் கச்சேரியிலிருந்து உத்தரவு வந்ததும் பிற்பாடு நடந்தவை. அன்றைக்கு அது வெயிலுக்கு முந்தானையை இழுத்துவிட எழும்பிய ஒரு கை, அவ்வளவுதான்.

அந்த வருஷம்தான் வெள்ளைக்கார சர்க்கார் அந்தப் புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதுவரை முனிசிபாலிட்டி அங்கத்தினர்களைக் கலெக்டரே பார்த்து வைத்துக்கொண்டிருந்தார். வைத்தவரும் சுகமாக இருந்தார், வைக்கப்பட்டவர்களும் சுகமாக இருந்தார்கள். இனிமேல் பாதிப் பேரை வரி கட்டுகிற ஜனங்களே பொறுக்கிக்கொள்ளலாம் என்று தமுக்கு அடித்தபோது, இது எந்தப் புது வரிக்கு அச்சாரமோ என்றுதான் ஊரில் பலருக்கும் பயம் வந்தது. நாலாம் வார்டுக்கு மட்டும் வேறொரு பயம் இருந்தது.

நாலாம் வார்டு ஊரின் பள்ளத்துப் பக்கம். சுண்ணாம்பு சுடுகிற காளவாய்க்காரர்கள், குயவர்கள், வண்டிக்காரர்கள், பாய் விற்கிறவர்கள் எல்லாரும் அங்கே ஒரே ஊற்றுக்கிணற்றில் இறைத்துக் குடித்தார்கள். கிணற்றுக்கு மேட்டுப்புறத்தில் ஜெகநாத முதலியாருடைய நிலம். அதில், காளவாய்க்குக் கல் தோண்டி எடுத்து எடுத்து உண்டான பெரிய பள்ளம். போன வருஷ மழைக்காலத்தில், ஆற்றைத் தாண்டி வண்டி போகாது என்று சொல்லி, ஊர்க் குப்பையையும் கழிவையும் அந்தப் பள்ளத்தில் கொட்டும்படி முனிசிபாலிட்டி உத்தரவு போட்டது. மழை பள்ளத்தில் இறங்கியது, பள்ளத்துத் தண்ணீர் கிணற்றில் இறங்கியது, கிணற்றுத் தண்ணீர் குடங்களில் ஏறி வீடுகளுக்குள் வந்தது. கார்த்திகைக்குள் வார்டு முழுக்க வாந்திபேதி. உண்ணாமலையின் ஒரே மகள் செங்கமலம் காலையில் வயிறு வலிக்கிறது என்றாள், விளக்கு வைப்பதற்குள் போய்விட்டாள்.

மழை நின்றதும் குப்பை வண்டிகள் பழையபடி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயின. ஆனால் புதிய சபை கூடியதும் முதல் காரியமாக அந்தப் பள்ளத்தையே நிரந்தரக் குப்பைக்குழியாக்கி, நிலத்துக்காரருக்குக் குத்தகை எழுதிக்கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. நிலத்துக்காரரான ஜெகநாத முதலியாரே நாலாம் வார்டுக்கு நின்றார். வார்டில் பாதி வீடுகள் அவருடையவை. காளவாய்கள் நின்ற மண்ணும் அவருடையது.

அவரை எதிர்த்து நின்றவர் பாய்க்கடை உஸ்மான் சாயபு. அதே வாந்திபேதியில் சம்சாரத்தைப் பறிகொடுத்தவர். குப்பையைப் பள்ளத்தில் கொட்டக்கூடாது என்பதைத் தவிர அவருக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை, அதையும் நாலு பேருக்கு முன்னால் சொல்ல வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

உண்ணாமலை புருஷன் போனபின் காளவாயைத் தானே நடத்திவந்தவள். வீட்டு வரியும் தொழில் வரியும் அவள் பேரிலேயே இருந்தன. கட்டத் தவணை தப்பினால் முனிசிபாலிட்டி சேவகன் அவள் வீட்டுக்குள் நுழைந்து அவள் தவலையைத்தான் தூக்கிக்கொண்டு போவான். புருஷனின் தம்பி கண்ணப்பன், பாகப்பிரிவினையில் மனஸ்தாபம் வந்து, முதலியார் காளவாயில் மேஸ்திரியாகப் போய்ச் சேர்ந்திருந்தான். அடுத்த வீடுதான். நடுவில் இடுப்பளவு மண்சுவர். கண்ணப்பனின் பெண்டாட்டி பூங்காவனம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று செங்கமலத்தின் பாடை போவதைப் பார்த்தாளே தவிர இந்தப் பக்கம் வரவில்லை. அதை உண்ணாமலை மறக்கவில்லை.

எலெக்ஷன் அன்று சாவடி வாசலில் கயிறு கட்டி, கயிற்றுக்குள்ளே வரி கட்டுகிற ஆண்களை உட்காரவைத்து, தாசில்தார் நரசிங்க ராவ் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் முதலியார். பின்னால் அவருடைய கணக்கப்பிள்ளை, யார் யார் கை எப்போது எழும்புகிறது என்று கண்ணாலேயே குறித்துக்கொண்டு நின்றான். உஸ்மான் சாயபு தன் கடையிலிருந்து கொண்டுவந்த பாயில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாசில்தார் முதலியார் பேரைச் சொன்னதும் கணக்கப்பிள்ளை ஒரு தடவை தொண்டையைச் செருமினான். கண்ணப்பன் கை முதலில் எழுந்தது, அவனைப் பார்த்து அவனுக்குக் கீழே வேலை செய்கிற கைகள் எழுந்தன, அவர்களைப் பார்த்து வாடகை வீட்டுக் கைகள் எழுந்தன, போன கார்த்திகையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புதைத்த கைகளும் அதில் இருந்தன. எண்ணி முடித்து இறக்கச் சொன்னார்கள். உஸ்மான் சாயபு பேரைச் சொன்னபோது குயவர்கள் சிலரும் அவருடைய சொந்தக்காரர்களும் தூக்கினார்கள். அதையும் எண்ணி இறக்கச் சொன்னார்கள். எல்லாக் கைகளும் இறங்கின. கயிற்றுக்கு வெளியே, பெண்டுகள் கூட்டத்தில், ஒரு கை மட்டும் நின்றது.

"யாரம்மா அது? பெண்களுக்கு ஓட்டுக் கிடையாது. கையை இறக்கு," என்றார் தாசில்தார்.

"தெரியும் எஜமான். இறக்கத்தான் பாக்கறேன். வரமாட்டேங்குது," என்றாள் உண்ணாமலை.

சிரித்தார்கள். அவள் இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். சேவகன் வந்து இழுத்தான். பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். அவன் தலைப்பாகை அவிழ்ந்து விழுந்தது, கை விரற்கடைகூட இறங்கவில்லை. மரக்கிளை மாதிரி விறைத்தும் இல்லை, சூடும் மெதுமெதுப்புமாக எப்போதும் போலத்தான் இருந்தது என்று அவன் திரும்பிவந்து சொன்னான். அவளுக்கு வலியும் இல்லை.

தாசில்தார் நரசிங்க ராவ் சட்டத்துக்குப் பயந்த மனுஷர். அச்சுப் போட்ட விதிகளை எடுத்துப் பிரித்தார். ஒரே ஆள் இரண்டு பேருக்கும் கை தூக்கிவிடக்கூடாதே என்று எவனோ ஒரு துரை முன்யோசனையாக அதில் எழுதிவைத்திருந்தான்: தூக்கிய கைகள் எல்லாம் இறங்கிய பிறகே முடிவை வாசிக்க வேண்டும்.

"அது ஓட்டே இல்லையே, ராயர்," என்றார் முதலியார்.

"ஓட்டு இல்லைதான். கை இருக்கிறதே," என்றார் தாசில்தார். அந்தி சாய்கிற வரைக்கும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, முடிவை வாசிக்காமலே விதிகளை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

நாலாம் வார்டு அந்தக் கையோடு வாழப் பழகிக்கொண்டது. முதல் வாரம் அவள் குனிந்து குனிந்துதான் வீட்டுக்குள் போனாள். அப்புறம் பக்கத்துத் தெருக் கொத்தனார் ஒருவர் கேட்காமலே வந்து நிலைப்படிக்கு மேலே சுவரை இடித்து வழி விட்டார். குயவர் வீட்டுப் பெண்டுகள் முறை வைத்துக்கொண்டு வந்து அவளுக்குத் தண்ணீர் இறைத்தார்கள், சேலை சுற்றிவிட்டார்கள். இடது கையால் தின்னப் பழகினாள். படுத்தாலும் அது தலைக்கு மேலே பாயில் நீண்டு கிடந்தது, எழுந்தால் கூடவே எழுந்தது, மழையில் நின்றால் உள்ளங்கையில் தண்ணீர் தேங்கி முழங்கை வழியாக வழிந்தது. வண்டிக்காரர்கள் "கை வீட்டுக்கு இந்தாண்ட, கை வீட்டுக்கு அந்தாண்ட" என்று வழி சொல்ல ஆரம்பித்தார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் கற்பூரம் ஏற்றினார்கள். ஒருத்தி மஞ்சள் நூலை மணிக்கட்டில் கட்ட வந்தபோது உண்ணாமலை, "இது சாமி இல்ல தாயி, சுண்ணாம்பு அள்ற கை," என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பினாள். கை எதனால் நின்றது என்று யாரும் அதிகம் ஆராயவில்லை. வார்டுக்கு அங்கத்தினர் இல்லாமல் சபை கூட முடியாது, சபை கூடாமல் பள்ளத்துக்குக் குத்தகை எழுத முடியாது, அதுவரை குப்பை வண்டிகள் ஆற்றைத்தான் தாண்டியாக வேண்டும் என்பதை மட்டும் எல்லாரும் புரிந்துகொண்டார்கள். காலையில் குடத்தோடு வெளியே வருகிறவர்கள் கிணற்றைப் பார்ப்பதற்கு முன்னால் உண்ணாமலை வீட்டு வாசலைப் பார்த்தார்கள். கை நின்றது. குடத்தை இறக்கினார்கள்.

முதலியார் தரப்பிலும் சும்மா இருக்கவில்லை. எண்ணெய் போட்டு நீவுகிறவரை அனுப்பினார்கள், வேப்பிலை அடிக்கிறவரை அனுப்பினார்கள். விறகு வண்டிக்காரர்களிடம் சொல்லிவைத்து அவள் காளவாய்க்கு விறகு வராமல் பண்ணினார்கள். ஒரு நாள் மத்தியானம் முதலியாரே குடை பிடித்துக்கொண்டு காளவாய்க்கு வந்தார். நெருப்பில்லாத காளவாய், அதன் பக்கத்தில் உண்ணாமலை நின்றிருந்தாள்.

"உன் காளவாய் நிக்கிற மண்ணு யாருது, உண்ணாமலை?"

"உங்களுது."

"உன் மச்சினன் யாருகிட்ட வேலை செய்றான்?"

"உங்ககிட்டதான்."

"அப்ப இத மட்டும் ஏன் இப்படி வெச்சிருக்க?"

"நான் சொன்னா கேக்கல. நீங்க வேணும்னா சொல்லிப் பாருங்க," என்றாள். அவள் பரிகாசமாகச் சொல்லவில்லை. முதலியார் கையை ஏறிட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார், தான் அண்ணாந்து நிற்கிறோம் என்பது அப்புறம்தான் அவருக்குத் தட்டுப்பட்டது. குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ஆவணி வரைக்கும் பாக்கறேன். அப்புறம் மண்ணைத் திருப்பி எடுத்துக்குவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடி நடுவில் ஜில்லா டாக்டர் துரை வந்து கையில் ஊசியால் குத்திப் பார்த்தார், ரத்தம் வந்தது. தட்டிப் பார்த்தார், எலும்பு சரியாக இருந்தது. அவர் என்ன எழுதினாரோ, பத்துப் பதினைந்து நாளில் கலெக்டர் உத்தரவு வந்தது. தாசில்தார் அதைத் தெருவில் நின்று வாசித்தார். ஆவணி முதல் திங்கட்கிழமைக்குள் கை தானாக இறங்கிவிட்டால், ஆனியில் எண்ணிய எண்ணிக்கையே செல்லும், அதாவது முதலியாரே அங்கத்தினர். அன்றைக்கும் இறங்காமல் இருந்தால், பழைய எண்ணிக்கை ரத்து. அன்று காலையே சாவடியில் புதிதாக எண்ணி, கை நின்றாலும் நிற்காவிட்டாலும் முடிவை வாசித்துவிட வேண்டும். பிறகு அந்தப் பெண்ணை வண்டியில் ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அங்கே கையை இறக்க முடியாவிட்டால் தோளோடு எடுத்துவிடுவது பற்றி டாக்டர் தீர்மானிப்பார்.

வாசித்து முடித்ததும் தாசில்தார் அவள் முகத்தைப் பார்க்காமல், "தானாக இறங்கிவிட்டால் உனக்கு ஒன்றும் இல்லையம்மா," என்றார்.

உஸ்மான் சாயபு அன்று சாயங்காலம் அவள் வாசலுக்கு வந்து நின்றார். "தங்கச்சி, நான் நிக்கலேன்னு எழுதிக் குடுத்துடறேன். கை போச்சுன்னா நீ எப்படிப் பிழைப்பே?" என்றார்.

"நீங்க நிக்கலேன்னா இது இறங்கிடுமா பாய்?"

அவர் அண்ணாந்து கையைப் பார்த்தார்.

"அப்ப நில்லுங்க," என்றாள்.

அந்த ஆடியில் மழை நன்றாகப் பெய்தது. கிணறு பொங்கியது, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, எந்த வீட்டிலிருந்தும் ஒரு பாடையும் எழும்பவில்லை. வாசலில் வைத்தியனைத் தேடி ஓடுகிற சத்தமில்லாமல் ஒரு மழை மாதம் போனதை நாலாம் வார்டு காதால் கேட்டுக்கொண்டே இருந்தது. கண்ணப்பன் காளவாய் வேலை முடிந்து வரும்போது அண்ணி வீட்டு வாசலைக் கடக்கிற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு போவான். ஆனி மாதத்தில் எந்தக் கையைத் தூக்கினானோ அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போவான். மண்சுவருக்கு அந்தப் பக்கம் பூங்காவனம் தன் சின்னக் குழந்தைக்குத் தண்ணீர் புகட்டும்போது உண்ணாமலை சில தடவை பார்த்திருக்கிறாள், பூங்காவனமும் பார்ப்பாள்.

ஆவணி முதல் திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் உண்ணாமலை கண் விழித்தாள். நெஞ்சின் மேல் ஏதோ கனமாகக் கிடந்தது. குழந்தை படுத்திருக்கிறது என்று நினைத்தாள். அரைத்தூக்கத்தில் செங்கமலம் என்றே நினைத்து, அசைக்காமல் கிடந்தாள். பிறகு அது தன் வலது கை என்று தெரிந்தது.

விரலை மடக்கினாள், மடங்கியது. நீட்டினாள், நீண்டது. அந்தக் கையால் முகத்தைத் துடைத்தாள், கழுத்தைத் தடவினாள், எத்தனையோ நாளாக எட்டாமல் அரித்துக்கொண்டிருந்த இடது தோளைச் சொறிந்தாள். அப்படியே எழுந்து உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். இனிமேல் வண்டி இல்லை, கத்தி இல்லை. கணக்கப்பிள்ளை சூரியன் எழும்பினதும் வந்து பார்ப்பான். இறங்கிடுச்சு என்று சொன்னால் போதும். முதலியார் மண்ணைப் பிடுங்கமாட்டார், விறகு வரும், காளவாயில் புகை எழும்பும். அவள் ஒரு தப்பும் பண்ணியதாகாது. தானாக எழும்பின கை, தானாக இறங்கிவிட்டது.

வெளியே கிணற்றில் முதல் வாளி விழுந்தது. கயிறு உருளையில் உரசுகிற சத்தமும் யாரோ ஒரு பெண் குழந்தையை அதட்டுகிற சத்தமும் கேட்டன. அவர்கள் குடத்தோடு திரும்பும்போது இந்த வாசலைப் பார்ப்பார்கள்.

உண்ணாமலை எழுந்து நின்று, தன் வலது கையைத் தானே தூக்கினாள்.

இத்தனை நாள் எடை இல்லாமல் நின்ற கை, இரண்டு மாதத்துக் கனத்தையும் சேர்த்து இப்போது தோளில் இறக்கியது. வாசலைத் தாண்டுவதற்குள் தோள்பட்டையில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கணக்கப்பிள்ளை எதிர்த் திண்ணையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். அவளை ஏற இறங்கப் பார்த்தான். அவள் அவனைத் தாண்டி நடந்தாள். அவன் எழுந்து பின்னால் நடந்தான்.

சாவடி வாசலில் கயிறு கட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி மாட்டை அவிழ்க்காமல் அரசமரத்தடியில் நின்றது. நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. தாசில்தார் வரும் வழியில் முதலியார் அவரைக் கோயிலுக்கு அழைத்துக்கொண்டுபோய்விட்டார் என்றும், மாலை மரியாதை எல்லாம் முடிந்துதான் வருவார் என்றும் சேவகன் சொன்னான். ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். வெயில் சாவடிக் கூரையை விட்டிறங்கி வாசலுக்கு வந்தது. உண்ணாமலைக்கு முதலில் தோள் எரிந்தது, பிறகு முழங்கை மரத்தது, அதன்பின் விரல்களில் உயிர் இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஒரு மூச்சு, இன்னும் ஒரு மூச்சு என்று நின்றாள். கையை இடது கையால் தாங்கிக்கொண்டால் கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்துவிடும். கண்ணை மூடினால் விழுந்துவிடுவாள். எதிரே உட்கார்ந்திருந்த கூட்டத்தில் கண்ணப்பனின் தலைப்பாகையைப் பார்த்தபடியே நின்றாள்.

கை நடுங்க ஆரம்பித்தது. இறங்காதிருந்த இத்தனை நாளில் அது ஒருதரம்கூட நடுங்கியதில்லை.

முதலில் அதைக் கண்டவள் பூங்காவனம். பெண்டுகள் கூட்டத்தின் கடைசியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவள், குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். உண்ணாமலையை ஒட்டி நின்று, யாருக்கும் கேட்காதபடி, "அக்கா. இறங்கிடுச்சா?" என்றாள்.

உண்ணாமலை கண்ணப்பனின் தலைப்பாகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "விடியக்காலையே," என்றாள்.

பூங்காவனம் அவளைத் திரும்பிப் பார்த்தாள். வியர்வை நெற்றியிலிருந்து கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பூங்காவனம் தன் முந்தானையை விரித்து வெயிலுக்கு மறைப்பது போல அந்தக் கைமேல் போட்டாள். முந்தானைக்கு உள்ளே தன் கையை விட்டு முழங்கைக்கு அடியில் தாங்கிப் பிடித்தாள்.

"பாரத்த எம்மேல போடுக்கா," என்றாள்.

கணக்கப்பிள்ளை நெருங்கி வந்தான். "என்ன அது, சேலையப் போட்டு மூடிக்கினு?"

"வெயில்ல மயக்கம் வருது அவங்களுக்கு. பிடிச்சுக்கினு நிக்கறேன். பிடிக்கக்கூடாதுன்னு உத்தரவுல இருக்குதா?"

அவன் முந்தானையை எடுக்கக் கையை நீட்டினான். குயவர் வீட்டுக் கிழவி ஒருத்தி குறுக்கே வந்து நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். உள்ளே உட்கார்ந்திருந்த கண்ணப்பன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு வார்த்தையில்லாத தன் அண்ணியையும் பெண்டாட்டியையும் ஒரே முந்தானைக்குக் கீழே பார்த்தான்.

சூரியன் உச்சிக்கு ஏறப்போகும்போது தாசில்தார் கழுத்தில் மாலையோடு வந்து சேர்ந்தார். பின்னாலேயே முதலியார். தாசில்தார் முதலில் கையைப் பார்த்தார். அது நின்றது. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, "பழைய எண்ணிக்கை ரத்து," என்றார்.

அடுத்து முதலியாருடைய பேரைச் சொன்னார். கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமினான். கண்ணப்பனுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் கண்ணப்பனைப் பார்த்தார்கள். அவனுடைய இரண்டு கைகளும் முழங்கால்மேல் கிடந்தன. முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்ததில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. கணக்கப்பிள்ளை மறுபடியும் செருமினான். சில கைகள் எழுந்தன. அங்கங்கே, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு எழுந்தன. எழப்போன சில, காதைச் சொறிந்துவிட்டு இறங்கின. எண்ணுவதற்குத் தாசில்தாருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

உஸ்மான் சாயபு பேரைச் சொன்னார். சாயபு கண்ணை மூடிக்கொண்டார். கண்ணப்பன், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்று, கையைத் தூக்கினான். அவன் எழுந்ததை முதலியார் பார்த்தார், முதலியார் பார்ப்பதைக் கண்ணப்பனும் பார்த்தான், ஆனால் கை இறங்கவில்லை. அதன்பிறகு காளவாய்க்காரர்கள் எழுந்தார்கள், வண்டிக்காரர்கள் எழுந்தார்கள், வாடகை வீட்டுக்காரர்கள் எழுந்தார்கள். தாசில்தார் விரலால் எண்ணிக்கொண்டே போய் பாதியில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

முடிவை வாசித்தபோது யாரும் சத்தம் போடவில்லை. உஸ்மான் சாயபுதான் தன்னைச் சொல்கிறார்களா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

தாசில்தார் கயிற்றைத் தாண்டி உண்ணாமலையிடம் வந்தார். முந்தானையையும், அதற்குக் கீழே வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்த இரண்டு பெண்களின் தோள்களையும், அவள் காலடியில் சொட்டிக் கிடந்த வியர்வையையும் பார்த்தார். சட்டத்துக்குப் பயந்த மனுஷர்தான்; ஆனால் பார்த்ததை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

"இனிமேல் இறங்குமா பாரம்மா," என்றார் மெதுவாக.

அவள் இறக்கினாள். கை விழுந்த வேகத்தில் பூங்காவனமும் சேர்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வண்டியை அவிழ்த்துவிடு," என்று தாசில்தார் சேவகனிடம் சொன்னார். "டாக்டர் துரைக்கு இங்கே வேலை இல்லை."

பள்ளத்துக்குக் குத்தகை எழுதப்படவில்லை. உஸ்மான் சாயபு சபையில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் பேசியது மொத்தம் ஐந்தாறு வாக்கியம் இருக்கும், அத்தனையும் குப்பையைப் பற்றித்தான். முதலியார் தாம் சொன்னதைச் செய்தார். தீபாவளிக்கு முன்னாலேயே உண்ணாமலையின் காளவாயை இடித்து மண்ணைச் சமன்படுத்தினார், கண்ணப்பனை வேலையிலிருந்து நிறுத்தினார், எழுந்து நின்றவர்களில் சிலரை வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். காலி பண்ணியவர்கள் தெருவிலேயே ஓலை வேய்ந்துகொண்டார்கள். ஆற்றங்கரைப் புறம்போக்கில் மச்சினனும் அண்ணியும் சேர்ந்து புதுக் காளவாய் கட்டினார்கள்; முதல் சூளை சரியாக வேகாமல் கல்லாகவே போயிற்று, இரண்டாவது சூளையில் பிழைத்துக்கொண்டார்கள். அடுத்த எலெக்ஷனுக்குள் சர்க்கார் கை தூக்குகிற வழக்கத்தையே எடுத்துவிட்டது. பெண்களுக்கு ஓட்டு வந்ததைப் பார்க்க உண்ணாமலை உயிரோடு இல்லை.

அந்த வலது கை பிற்பாடு தோளுக்கு மேலே எழும்பவேயில்லை. சுண்ணாம்பு அள்ளினாள், சோறு பிசைந்தாள், ஆனால் கொண்டை முடியக் கை எட்டவில்லை. எலெக்ஷனுக்கு மறுநாள் காலையில் அவள் வாசற்படியில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் தலையோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது பூங்காவனம் மண்சுவரைத் தாண்டி வந்தாள். ஒன்றும் கேட்காமல் பின்னால் உட்கார்ந்து சீப்பை வாங்கிக்கொண்டாள். சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு நான் வந்திருக்கணும்க்கா," என்றாள் பிறகு. "செங்கமலம் போன அன்னிக்கு."

"ஆமா, வந்திருக்கணும்," என்றாள் உண்ணாமலை.

பூங்காவனத்தின் கை நின்றது. உண்ணாமலை திரும்பிப் பார்க்கவில்லை. தலையை மட்டும் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கொடுத்தாள்.